சீட்டுக்கட்டும் அதன் பெட்டியும்: குன்னூரில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருந்துகொண்டு சீட்டுக்கட்டு வடிவமைத்துக் கொடுக்கிறோம். படம் வரைவது, தாள் தேர்வு, பெட்டிக்கு அளவெடுப்பது எல்லாம் இங்கே. அச்சும் கட்டிங்கும் சிவகாசியில். எஸ்டேட்காரர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், கல்யாண வீட்டார், பள்ளி ஆசிரியர்கள் என்று பலரும் போனில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். எங்களிடம்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இதைப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த அச்சகத்திலேயே நல்லபடியாகச் செய்துகொண்டாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

சொந்தமாகச் சீட்டுக்கட்டு செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

படத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். யார் கையில் போகப்போகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஹோம்ஸ்டே ஹாலில் வருஷம் முழுக்கப் பலர் கை பட்டு ஆடும் கட்டு வேறு, கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டில் ஷோகேஸில் வைக்கும் கட்டு வேறு. முதல் வகைக்குத் தாளிலும் பூச்சிலும் பணம் போடுங்கள். இரண்டாவது வகைக்குப் பெட்டியில் போடுங்கள். இரண்டிலும் தாராளமாகச் செலவழிக்க முடிந்தவர்கள் குறைவு, அதனால்தான் முதல் கேள்வியாக இதைக் கேட்கிறோம்.

அளவு என்ன? எத்தனை சீட்டு?

இரண்டு அளவுகள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளன. போக்கர் அளவு 63 × 88 மி.மீ., பிரிட்ஜ் அளவு 57 × 89 மி.மீ. பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடுபவர்களுக்கு அகலம் குறைந்த பிரிட்ஜ் அளவு கைக்கு அடங்கும். படம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் போக்கர் அளவு.

எண்ணிக்கையில் 56-ஐப் பரிந்துரைக்கிறோம். 52 ஆட்டச் சீட்டு, 2 ஜோக்கர், மேலும் 2 உங்கள் விருப்பத்துக்கு. ஒரே ஷீட்டில் 7-க்கு 8 என்று கட்டம் போட்டால் இடம் வீணாகாமல் 56 உட்காரும். அந்த இரண்டு உபரிச் சீட்டையும் விளம்பரமாக்கிவிடாதீர்கள். ஒன்றை வெற்றுச் சீட்டாக விடுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

ரம்மிக்கு இரண்டு கட்டு வேண்டுமே, ஜோடியாகக் கிடைக்குமா?

ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். நம் ஊரில் சீட்டு என்றால் பெரும்பாலும் ரம்மி, ரம்மி என்றால் இரண்டு கட்டைச் சேர்த்துக் கலைப்பது. ஒரு கட்டு இந்த வருஷ அச்சு, இன்னொன்று அடுத்த வருஷ அச்சு என்றால் பின்பக்க நிறம் ஒரு சாயலாவது மாறும். ஆடிப் பழகிய கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும், பிறகு ஆட்டத்தில் நியாயம் இருக்காது. ஒரே லாட்டில் அச்சடித்த இரண்டு கட்டுகளை ஒரே உறைப்பெட்டியில் தருவதே சரி. பரிசுக்கு என்றாலும் ஜோடியாகக் கொடுத்தால்தான் பெட்டியைப் பிரித்து ஆடுவார்கள்.

மலையில் சீட்டு சீக்கிரம் வளைந்துவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரே வழியால் சரியாகிவிடாது. மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்து கைகொடுக்க வேண்டும்.

தாள் ஈரத்தைக் குடிக்கும் பொருள். தாளுக்குள் இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அச்சகத்தில் அதை கிரெய்ன் என்பார்கள். ஈரம் ஏறும்போது நார் நீளத்தில் அவ்வளவாக மாறாது, குறுக்கே உப்பும். சீட்டின் ஒரு முகம் அதிக ஈரம் குடித்து, மறுமுகம் குறைவாகக் குடித்தால், குடித்த பக்கம் விரிந்து சீட்டு காய்ந்த பக்கமாக வளையும். சிவகாசியின் வறண்ட வெயிலில் அச்சாகி, 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூருக்கு ஆடி மாதச் சாரலில் வந்து இறங்கும் தாளுக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே முதலில் பூச்சு. வார்னிஷோ அக்வஸ் கோட்டிங்கோ எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழ வேண்டும். ‘பின்பக்கம்தானே கை படுகிறது, அங்கே மட்டும் லேமினேஷன் போடுங்கள்’ என்று காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்த சீட்டு ஒரே மழைக்கு அப்பளமாகச் சுருண்டுவிடும்.

இரண்டாவது கிரெய்ன். கட்டில் உள்ள எல்லாச் சீட்டுக்கும் நார் ஒரே திசையில் ஓட வேண்டும். ஷீட்டில் இடம் மிச்சம் பிடிக்கச் சில சீட்டுகளைக் குறுக்கே திருப்பி அடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விசிட்டிங் கார்டுக்கு அது பரவாயில்லை. சீட்டுக்கட்டில் அப்படிச் செய்தால் பத்துச் சீட்டு ஒரு பக்கம் வளையும், மற்றவை வேறு பக்கம் வளையும், மேஜையில் கவிழ்த்து வைத்தாலே எது எது என்று தெரிந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே ‘கிரெய்ன் எல்லாம் ஒரே திசை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பார்சல் வந்தவுடன் பிரிக்காமல் இருப்பது. கீழே சூட்டில் கிடந்த அட்டைப்பெட்டியை மலைக்குக் கொண்டுவந்த கையோடு பிரித்தால், குளிர்ந்த ஈரக்காற்று அடுக்கின் ஓரங்களில் முதலில் பாயும். நடு தட்டையாக இருக்க, ஓரம் அலை அலையாக எழும்பிவிடும். கட்டியது கட்டியபடி ஓரிரு நாள் அறைக்குள்ளேயே இருக்கட்டும். அறையின் குளிர் தாளுக்கும் வந்த பிறகு பிரியுங்கள்.

ஆடி முடித்ததும் கட்டைப் பெட்டிக்குள் இறுக்கமாக வையுங்கள். வளைந்துபோன கட்டைக் கணப்படுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் மேலோ வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மறுபக்கமாக வளையும். கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு ராத்திரி இருந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

எந்தத் தாள் நல்லது? 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு போதாதா?

கனத்துக்குப் போதும், மறைப்புக்குப் போதாது. ஒரு சோதனை செய்து பாருங்கள். சாதாரண ஆர்ட் கார்டில் அச்சடித்த ஒரு சீட்டைப் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, அதன் பின்னால் மொபைல் டார்ச்சைப் போடுங்கள். மறுபக்கம் இருப்பது ஆறா பத்தா என்று புள்ளிகளை எண்ணிவிடலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால் என்ன ஆட்டம் அது?

சீட்டுக்கென்றே வரும் தாளில் இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே கறுப்பு அல்லது நீலப் பசை அடுக்கு இருக்கும். பிளாக் கோர், புளூ கோர் என்று கேட்டு வாங்க வேண்டும். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் நடுவில் கறுப்புக் கோடு தெரியும். வளைத்து விட்டால் பட்டென்று நிமிரும். விலை கூடத்தான். ஆடுவதற்கான கட்டு என்றால் இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

மேற்பரப்பு வழவழப்பாக வேண்டுமா, லினன் வேண்டுமா என்றும் கேட்பார்கள். லினன் என்றால் துணி நெசவு போலச் சின்னச் சின்னக் குழிகள். அந்தக் குழிகளில் காற்று நிற்பதால் சீட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கும். ஈரக்காற்று அதிகமுள்ள கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் லினனே மேல்.

முழுக்கப் பிளாஸ்டிக் சீட்டு செய்து தருவீர்களா?

செய்வதில்லை. பிளாஸ்டிக்கைக் குறைக்க இந்த மாவட்டம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். தாள் சீட்டையே பார்த்து வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

நீலகிரிக் கட்டு என்றால் என்னென்ன படம் போடலாம்?

தேயிலைத் தோட்டம், யூகலிப்டஸ், பைன் மூன்றையும் சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அவை மூன்றும் வெளியிலிருந்து வந்து நடப்பட்டவை. இந்த மலையின் சொந்தச் சொத்து சோலைக்காடும் புல்வெளியும். வரையாடு, கருமந்தி, நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி நெட்டைக்காலி, காட்டெருமை என்று ராஜா ராணி ஜாக்கியின் பன்னிரண்டு இடங்களையும் நிரப்ப இங்கே ஆள் பஞ்சமில்லை. தேயிலை வேண்டாம் என்று சொல்லவில்லை, எஸ்டேட் கட்டு என்றால் அதுதான் நாயகன். ஆனால் நீலகிரி என்று பெட்டியில் பெயர் போட்டால் வரையாட்டுக்கு ஓர் இடம் கொடுங்கள்.

கொடுத்தால் சரியாகவும் வரையுங்கள். வரையாட்டின் கொம்பு பின்னோக்கி வளைந்து கழுத்தை நோக்கிப் போகும், திருகு போல முறுக்காது. வயதான கிடாவுக்கு முதுகில் வெளிர் நிறத்தில் சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு இருக்கும். இணையத்தில் ‘மலை ஆடு’ என்று தேடி எடுத்த இமாலய ஆட்டின் படத்தைச் சிலர் அனுப்புகிறார்கள். முக்குறுத்திப் பக்கம் ஆட்டை நேரில் பார்த்தவர் அந்தக் கட்டை வாங்க மாட்டார். இணையப் படத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

புள்ளிச் சின்னங்களை மட்டும் அதிகம் மாற்ற வேண்டாம். ஆட்டின் (ஹார்ட்) சின்னத்தைக் காட்டுப்பூவரசின் சிவப்புப் பூவாகவும் ஸ்பேடைச் சோலை இலையாகவும் வரையலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் வெளிக்கோடு ஆட்டினாகவும் ஸ்பேடாகவுமே தெரிய வேண்டும். விசிறியாக விரித்துப் பிடித்த பதின்மூன்று சீட்டில் கண்ணுக்குத் தெரிவது இடது ஓரத்தில் விரல் அகலம்தான்.

குறிஞ்சிப் பூ படம் போட்டோம், அச்சில் அழுக்கு நிறமாக வந்துவிட்டது. ஏன்?

ஊதாவும் நீலமும் கலந்த அந்த நிறம் நான்கு வண்ண அச்சுக்கு எப்போதுமே கஷ்டம். திரையில் ஒளியால் தெரியும் ஊதாவை மையால் அப்படியே கொண்டுவர முடியாது. மெஜந்தா கொஞ்சம் கூடினால் கத்திரிக்காய் நிறம், சயான் கூடினால் பேனா மை நிறம். மலைச்சரிவு முழுக்கப் பூத்த 2018-ஐப் பார்த்தவர்களுக்கு இரண்டுமே பிடிக்காது. அடுத்த பெரும் பூப்பு 2030-ல்தான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நேரில் பூவும் எளிதில் கிடைக்காது.

தீர்வு ஐந்தாவது மை. பான்டோன் என்ற நிற மாதிரிப் புத்தகத்தில் ஊதாவைத் தேர்ந்து, அதைத் தனி மையாகக் கலந்து, தனி பிளேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். பிளேட் செலவு கூடும். அதற்கு வழியில்லை என்றால் குறிஞ்சியைக் கறுப்புக் கோட்டோவியமாகப் போடுங்கள். மங்கிய ஊதாவைவிட அது கம்பீரமாக இருக்கும்.

தோடர் பூத்தையல் வடிவத்தைப் பின்பக்கத்தில் போடலாமா?

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். சீட்டுக்கட்டின் நிறங்களும் அவையே. அதனால் இந்த யோசனை எல்லோருக்கும் தோன்றுகிறது. நாங்கள் உடனே சரி என்று சொல்வதில்லை.

அந்த வேலை நூலை எண்ணி எண்ணிப் பெண்கள் கையால் போடுவது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. பூத்துக்குளி என்ற அந்தப் போர்வையைச் சடங்குகளில் உடுத்துகிறார்கள், இறந்தவர் மேல் போர்த்துவதும் அதைத்தான். அதை ஸ்கேன் செய்து, சாப்பாட்டு மேஜையில் சிதறிக் கிடக்கும் பொருளில் அச்சடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மனதார விருப்பம் இருந்தால் தையல் போடும் பெண்களிடமே போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வடிவம் விளையாட்டுப் பொருளுக்கு ஆகும், எது ஆகாது என்பதை அவர்கள் சொல்லட்டும். பணத்தில் பங்கும் பெட்டியில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். அப்படி வந்தால் முழு மனதோடு வரைந்து தருகிறோம்.

அப்படியானால் பின்பக்கத்துக்கு என்னதான் போடுவது?

பின்பக்கத்துக்கு ஒரே சட்டம்தான். தலைகீழாகத் திருப்பினாலும் அதே படம் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரு சீட்டை மட்டும் திருப்பி வைத்து அடையாளம் செய்துவிடலாம். மலைக்காட்சி போட்டோ இதனால்தான் பின்பக்கத்துக்கு ஒத்துவராது.

எங்களுக்குப் பிடித்த ஓர் எடுத்துக்காட்டு மலை ரயிலின் பல்தண்டவாளம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்பட்டைகள் அருகருகே ஓடும், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அந்த மாற்றி மாற்றி வரும் பல்வரிசையை 180 பாகை திருப்பினாலும் அப்படியே இருக்கும்.

சுற்றிலும் 3 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டால் பார்க்கப் பழைய பாணியாகத் தெரியும், ஆனால் கட்டிங் கொஞ்சம் தள்ளினாலும் ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் ஒல்லி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஓரமே இல்லாமல் நுண்ணிய வடிவம் தொடர்ந்து ஓடினால் அந்தத் தள்ளல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரத்தில் நிறம் தெரியும். எங்கள் விருப்பம் ஓரம் விட்டது, கட்டிங்கில் நம்பிக்கையான அச்சகம் கிடைத்தால் மட்டும். எப்படிச் செய்தாலும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. படம் நீண்டிருக்க வேண்டும், முக்கியமானது எதுவும் உள்ளே 3 மி.மீ.க்குள் வரக்கூடாது. கோப்பு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி).

மூலையில் கே, க்யூவுக்குப் பதில் தமிழில் போடலாமா?

போடலாம். ராஜா, ராணி இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் முதலெழுத்து மட்டும் போட்டால் ஆட்டம் தடுமாறும். கிரீடம், பூ, வேல் என்று சின்னங்கள் போடுவது தெளிவு.

ஸ்பேட் ஏஸ் மட்டும் ஏன் எல்லாக் கட்டிலும் பெரிதாக இருக்கிறது?

இங்கிலாந்தில் ஒருகாலத்தில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது, கட்டியதற்கான முத்திரை அந்தச் சீட்டில்தான். 1960-ல் வரி போய்விட்டது, அலங்காரம் மட்டும் நிலைத்துவிட்டது. உங்கள் பெயரோ தோட்டத்தின் பெயரோ போட அதுதான் இடம்.

வட்டச் சீட்டு செய்ய முடியுமா?

முடியும், அந்த வடிவில் வெட்டத் தனி டை (வெட்டும் அச்சு) வேண்டும். கூடலூர் தாண்டிப் போனால் வரும் மைசூரில் கையால் தீட்டும் கஞ்சிஃபா சீட்டுகள் வட்டமானவைதான். தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். வட்டச் சீட்டை நம் பழக்கப்படி கலைக்க முடியாது, மேஜையில் பரப்பித்தான் கலைக்க வேண்டும்.

பெட்டிக்கு அளவு எப்படி எடுப்பது?

கடையில் வாங்கிய கட்டின் பெட்டியை அளந்து அனுப்பாதீர்கள். உங்கள் தாளில், உங்கள் பூச்சோடு வெட்டிய சீட்டுகளை அடுக்கி அளக்க வேண்டும். ஒரு சீட்டு 0.3 மி.மீ. என்றால் 56 சீட்டு 16.8 மி.மீ. சீட்டு 63 × 88 என்றால் உள்ளளவு ஏறக்குறைய 64.5 × 89.5 × 17.5 என்று வரும். இதைவிட இறுக்கினால் மழைக்காலத்தில் தாள் உப்பியதும் கட்டு வெளியே வராது. தளர்த்தினால் உள்ளே ஆடி மூலைகள் அடிபடும்.

அச்சுக்கு முன்னால் வெள்ளை டம்மி ஒன்று கண்டிப்பாகக் கேளுங்கள். அதே அட்டையில், அச்சில்லாமல், வெட்டி மடித்து ஒட்டியது. கட்டை உள்ளே போட்டு, மூடி, திறந்து, கவிழ்த்துப் பாருங்கள். மூடியின் நாக்கு தானாகத் திறக்கிறதா? திறந்தால் நாக்கின் இரு தோளிலும் சின்னக் கீறல் வைக்கச் சொல்லுங்கள், பக்கமடிப்பு அதில் மாட்டிக்கொள்ளும். கட்டை வெளியே எடுக்க விரல் இடம் வேண்டும், அரைவட்ட வெட்டு. அது இல்லாத பெட்டியைத் தலைகீழாக உதறித்தான் எடுப்பார்கள், பெட்டியின் வாய் சீக்கிரம் கிழியும்.

கருநிறப் பெட்டி கேட்பவர்கள் அதிகம். மடிப்பதற்காக அழுத்திய கோட்டில் கருமை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும், நாளாக ஆகக் கூடும். மடிப்பு ஓடும் இடங்களில் நிறத்தை வெளிறவிட்டு வடிவமைப்பதே நல்ல வழி. ஃபாயில் (பளபளக்கும் உலோகத்தாள் அச்சு), எம்பாஸ் (புடைப்பு அச்சு) இரண்டும் பார்க்க அழகு. பெட்டியின் ஒரு முகத்தில், ஒன்று மட்டும் போதும்.

விற்பனைக்கு என்றால் பொட்டலப் பொருள் விதிகள், 2011-ன்படி தயாரிப்பவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதம் வருடம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். பக்கவாட்டுப் பட்டை ஒன்றை இதற்கென்றே முதலிலேயே ஒதுக்குங்கள். எல்லாம் வரைந்து முடித்த பிறகு ஸ்டிக்கராக ஒட்டினால் பெட்டியின் அழகு போச்சு.

மேலே கண்ணாடித்தாள் சுற்றுவீர்களா?

இல்லை. மூடியில் காகித முத்திரை ஒட்டுகிறோம். கிழிந்திருந்தால் பிரித்த கட்டு என்று வாங்குபவருக்குத் தெரியும்.

சீட்டு குறையாமல் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்?

எடை போட்டு. 300 ஜிஎஸ்எம் தாளில் 63 × 88 சீட்டு ஒன்று 1.66 கிராம், 56 சேர்ந்தால் 93 கிராம் சொச்சம். நகைக்கடைத் தராசு போல் கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு இருந்தால் ஒரு சீட்டு குறைந்தாலும் தெரியும். ஆனால் தாளின் எடை லாட்டுக்கு லாட்டு மாறும், ஈரம் ஏறினாலும் கூடும். அதனால் எண்ணிச் சரிபார்த்த ஒரு கட்டை அதே அறையில் வைத்து, காலையில் முதலில் அதை எடை போட்டுவிட்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுகிறோம். மழை நாளில் மத்தியானம் மறுபடியும்.

இரண்டு ஆட்டின் ஏழு இருந்து கிளாவர் ஒன்பது இல்லை என்றால் தராசு சொல்லாது. அதற்குக் கண்தான். ஒவ்வொரு கட்டையும் விரித்துப் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகும்.

குறைந்தது எத்தனை கட்டு அடிக்கலாம்?

டிஜிட்டலில் ஒரே ஒரு கட்டுகூட அடிக்கலாம், விலை கூடுதலாக இருக்கும். ஆஃப்செட்டில் பிளேட்டும் டையும் எத்தனை அடித்தாலும் ஒரே செலவு, எண்ணிக்கை ஏற ஏறக் கட்டின் விலை இறங்கும். 500-க்குக் கீழே ஆஃப்செட் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

மே மாத சீசனுக்கு வேண்டும். எப்போது சொல்ல வேண்டும்?

படங்கள் ஜனவரிக்குள் முடிந்திருக்க வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை காலண்டரும் டைரியும்தான், சின்ன வேலைகளுக்கு மிஷின் கிடைப்பது சிரமம். தை பிறந்ததும் மிஷின் கிடைக்கும். மாசியில் டம்மி, பங்குனியில் அச்சு என்று போனால் மலர்க் கண்காட்சிக்குக் கட்டு கடையில் இருக்கும்.

சீட்டுக்கட்டு விற்பதில் சட்டச் சிக்கல் உண்டா?

கட்டை அச்சடிப்பதும் விற்பதும் பரிசளிப்பதும் தவறில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1968-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பணம் வைத்து ஆட இடம் கொடுப்பது வேறு விஷயம். அதற்கென்று கட்டு கேட்டால் நாங்கள் செய்து தருவதில்லை.

ஒரு சீட்டு தொலைந்துவிட்டால் முழுக்கட்டும் வீண்தானா?

வீணாக வேண்டியதில்லை. அந்த வெற்றுச் சீட்டு இதற்குத்தான். தொலைந்த சீட்டின் எண்ணையும் சின்னத்தையும் அதில் பேனாவால் எழுதி ஆட்டத்தைத் தொடரலாம். அதே சீட்டு வேண்டும் என்றால் பெட்டி மூடியின் உட்பக்கம் சிறியதாக லாட் எண் அச்சாகியிருக்கும், அதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் வெட்டாத ஷீட்டுகள் சிலவற்றைத் தட்டையாக எடுத்து வைக்கிறோம். அவை இருக்கும்வரை தபால் செலவுக்கு மட்டும் அந்த ஒரு சீட்டை வெட்டி அனுப்பிவைப்போம்.